கருகல் வாடை

“டூப்ளிக்கேட் பிளேட்டைப் போட்டு எனக்க தலையில கட்டீட்ட, இல்லியா லே?”

பிக்கப்பை ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி இறங்கும்போதே யேசுரத்தினம் சத்தம் போட்டார். வண்டிக்கு அடியிலிருந்து கிளம்பிய கருகல் வாடை மூக்கைத் துளைத்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தி மாற்றிய கிளட்ச் பிளேட். ஈஸ்டர்கூட வரவில்லை, அதற்குள் போய்விட்டது. அதற்கு முன்பு போட்டதும் இப்படித்தான் போனது. வாழைக்குலை ஏற்றிக்கொண்டு கருங்கல் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள், ஒவ்வொரு ஏற்றத்திலும் நின்றுவிடுமோ நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து ஓட்டி அவருக்கு அலுத்துவிட்டது. இந்தக் கிழட்டு வண்டியை விட்டால் வேறு பிழைப்பும் தெரியாது.

மெக்கானிக் ஜாஸ்பர் கோபப்படவில்லை. அவன் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்த வண்டியை அவன்தான் பார்க்கிறான். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“என்ன அண்ணே, ஒத்தச் செருப்போட வந்திருக்கிய? மத்தது எங்க?”

“சந்தையில எங்கயாவது கழண்டு விழுந்திருக்கும். கவனிக்கல்ல. செருப்பா இப்பம் முக்கியம்? வண்டியப் பாரு.”

“நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல இருக்கேன். சர்ச் ஏத்தம் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

ஏற்றத்தில் எஞ்சின் அலறியது. வண்டி மட்டும் ஊர்ந்தது. ஜாஸ்பர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. போகும்போதும் வரும்போதும் தலையைக் குனிந்தபடியே இருந்தான். குற்றம் செய்தவன் எப்படி நிமிர்வான் என்று யேசுரத்தினம் நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் ஜாஸ்பர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டாப் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டுப் பார்த்தான். திணறி அணைந்திருக்க வேண்டிய எஞ்சின், ஒன்றுமே நடக்காததுபோல உறுமிக்கொண்டிருந்தது. பிளேட் பிடிக்கவில்லை.

கியர்பாக்ஸை இறக்க மத்தியானம் ஆகிவிட்டது. யேசுரத்தினம் ஸ்டூலில் உட்கார்ந்து, எதிர்க் கடையிலிருந்து வந்த சீனி போடாத டீயைக் குடித்தார். உடம்பு அசந்து வந்தது. பேசாமல் விற்றுவிடலாமா என்று யோசித்தார். இதை யார் வாங்குவார்கள்?

ஜாஸ்பர் கருகிய பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவரை ஒட்டி நின்று, அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“கம்பெனி முத்திரையப் பாத்தியளா? ஒரிஜினலாக்கும். கியர் ஆயிலயும் வடிச்சுப் பாத்தாச்சு, ஒரு பொட்டு இரும்புத்தூள் இல்ல. கியர்பாக்ஸுக்கு ஒரு கேடும் இல்ல.”

“பின்ன எதுக்குக் கருகுது?”

“நீங்க கிளட்ச்சு மேல கால வச்சிட்டே ஓட்டுதிய. ரோடு பூரா உங்களுக்க காலத்தானே பாத்துட்டு வந்தேன். பெடல் கொஞ்சம் அமுங்கியே கெடந்தா பிளேட்டு வழுக்கும். வழுக்கினா சூடாகும். பெறவு கருகாம என்ன செய்யும்?”

யேசுரத்தினத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

“எனக்கு வண்டி ஓட்டப் படிச்சுத் தாறியா? கியர மாத்தினதும் கால எடுத்திருவேன். கால் வச்சிருந்தா எனக்குத் தெரியாதா லே?”

ஜாஸ்பர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவன் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“வலிக்கா அண்ணே?” என்று மெதுவாகக் கேட்டான்.

“வலிக்காம இருக்குமா? கூடப் பொறந்தவனப் போல நெனச்சிருந்தேன். செய்யதையும் செஞ்சிட்டு, குத்தத்தத் தூக்கி எனக்க மேலேயே போடுதியே!”

ஜாஸ்பர் பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“மனசக் கேக்கல்ல, அண்ணே. இவ்வளவு நேரமும் நான் உங்களுக்க கால் மேலயாக்கும் நிக்கேன்.”