ஒன்பது வருஷம் நின்ற வண்டி

"ஓடுமா, ஓடாதா? அத்த மட்டும் சொல்லு!" யாமினி கத்தினாள்.

"அத்தத்தான் சொல்லிக்கினு கீறேன். ஏன் ஓடலன்னு மொதல்ல புரியணும் இல்ல?" என்றார் அவள் கணவர் கோவர்த்தனன்.

சித்தூருக்கு வெளியே, அவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த வாழைத்தோப்பின் ஓரம், தகரக் கொட்டகையில் அந்தப் பழைய டீசல் எஸ்டேட் கார் நின்றது. கூரை கடைசிவரை நீண்ட வண்டி. பின்னால் ஒரு கட்டிலே போடலாம். ஒன்பது வருஷமாக நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

வியாழக்கிழமை முதல் தினமும் காலை எட்டு மணிக்குள் திருப்பதி மெஸ் ஒன்றுக்கு நானூறு வாழை இலை தருவதாக யாமினி ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தவறினாலும் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். இலைக் கட்டை பஸ்ஸில் ஏற்ற விடுவதில்லை. ஷேர் ஆட்டோவில் போனால் பாதி இலை கிழிந்துவிடுகிறது. இந்த ஆர்டரும் இல்லையென்றால் தோப்பையே விட்டுவிட வேண்டியதுதான். இன்று ஞாயிறு. நாளைக் காலை வண்டி தகுதிச் சான்றுக்கு, எஃப்.சி.க்குப் போயாக வேண்டும்.

மெக்கானிக் சலீம் பானெட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். "அக்கா, டேங்க்ல இருந்தது டீசலே இல்ல. புளித்தண்ணி. வடிச்சு, கழுவி, புது டீசல் ஊத்திட்டேன். ஃபில்டரும் மாத்தியாச்சு."

"அப்புறம் ஏன் ஸ்டார்ட் ஆகல?"

சலீம் பதில் சொல்வதற்குள் கோவர்த்தனன் முந்திக்கொண்டார். "டியூப்புல காத்து பூந்துக்கிச்சு. பெட்ரோல் வண்டி மாதிரி இதுல தீப்பொறி கெடயாது, யாமினி. உள்ள காத்த அமுக்கி அமுக்கி சூடு பண்ணும். அந்தச் சூட்டுல டீசல பீச்சினா, தானா பத்திக்கும். டீசல் வர்ற வழியில காத்து நின்னுச்சுன்னா, பம்பு அந்தக் காத்தத்தான் நசுக்கிக்கினு கெடக்கும். டீசல் போய்ச் சேராது."

"இது எனக்கு எதுக்குய்யா? வீட்ல இட்லி மாவு புளிச்சிக்கினு கீது!"

"நாளிக்கு வழியில நின்னுடுச்சுன்னா? இங்க பாரு, இந்த ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணணும். இந்தக் கைப்பம்ப அடிக்கணும். நொர வரும். நொர நின்னு சுத்தமா டீசல் வந்தா, டைட் பண்ணிடணும். எங்க, நீ அடி."

யாமினி பல்லைக் கடித்துக்கொண்டு பம்பை அடித்தாள். நுரை வந்தது. கையெல்லாம் டீசல்.

"ஏன் அண்ணா, அக்காவுக்குப் பரீட்ச எதுனா வெச்சிருக்கியா?" சலீமுக்கு எரிச்சல் தாங்கவில்லை. காலையிலிருந்து இதே கதை. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டதைத் தட்டி எடுக்கும்போதும் அக்காவைக் கூப்பிட்டார். எலி கடித்த ஒயரைச் சுற்றும்போதும் கூப்பிட்டார். அரை மணி வேலை ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் இழுத்தது.

"சரி, நான் கீழ போய் லீக் ஆவுதா பாக்கறேன். நீ உள்ள ஒக்காந்து சாவியப் போடு அண்ணா."

"வேணாம். எனக்கு இங்க நின்னு சத்தம் கேக்கணும்."

"சத்தம் உள்ள கேக்காதா?"

"இஞ்சின் சத்தத்த இஞ்சின் பக்கத்துல நின்னுதாம்பா கேக்கணும். யாமினி, நீ ஏறு."

"நானா? இத்தினி பேருக்கும் நான் ஒருத்திதான் ஆளா?" முணுமுணுத்தபடி அவள் ஏறினாள்.

"சாவியப் பாதி திருப்பு. ஆரஞ்சு லைட் எரியுதா? உள்ள ஹீட்டர் சூடாவுதுன்னு அர்த்தம். அது அணையற வரிக்கும் கை வெக்காத. ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"எண்ணாதய்யா! எனக்குக் கண்ணு கீது!"

விளக்கு அணைந்தது. யாமினி சாவியை முழுதாகத் திருப்பினாள். வண்டி இருமியது. மறுபடி திருப்பினாள். உலுக்கி எடுத்தது. மூன்றாவது தடவை கொட்டகை நிறைய வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு, கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

"வெள்ளப் பொகைன்னா பயப்படாத! முழுசா எரியாத டீசல்! சூடானா சரியாயிடும்!" புகைக்குள்ளிருந்து கோவர்த்தனனின் குரல் வந்தது. இருமிக்கொண்டே அவர் விடாமல் விளக்கினார்.

சலீம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "அக்கா, எறங்கு. அண்ணா, நீ ஏறி ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு வா. பிரேக் புடிக்குதான்னு ஓட்டுறவருக்குத்தான் தெரியும்."

கோவர்த்தனன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு எதுக்குப்பா? அவதான் நாளிக்கும் ஓட்டப்போறா."

சலீம் வாயைப் பிளந்தான். "அக்காவா? அப்போ இத்தினி வருசம் வண்டி ஏன் நின்னுச்சு?"

யாமினி சீட்டை முன்னால் இழுத்து, பெல்ட்டை மாட்டினாள். "போன மாசந்தான் எனக்கு லைசென்சு வந்துச்சு. ஒம்போது வருசத்துக்கு முன்னால, குடிச்சிட்டு இத்த எடுத்துக்கினு போய் கால்வாயில எறக்கினாரு. காணிப்பாக்கம் கூட்டிக்கினு போய், பிள்ளையார் முன்னால நிறுத்தி, குடியோ வண்டியோ ரெண்டுல ஒண்ண விட்டேன்னு சத்தியம் பண்ணுன்னேன்."

அவள் கிளட்சை மிதித்து, முதல் கியரைப் போட்டாள்.

"இந்த மனுசன் வண்டிய விட்டுட்டாரு!"