குளிக்காமல் எதையும் தொடக்கூடாது

நட்டு அசைய மறுத்தது. ஸ்பேனரின் மேல் என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். சுவரோடு குழாயே பெயர்ந்து வந்தாலும் வரட்டும் என்றிருந்தது.

சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் குளியலறைக் குழாய் அது. காலையிலிருந்து சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் முறுக்கியதில், மூடினாலும் நிற்காமல் ஊற்ற ஆரம்பித்திருந்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கிற மெயின் வால்வை அடைத்துவிட்டேன். வீட்டில் இப்போது எங்கேயும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அப்பாவின் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றியபோது நானும் ஏறப் போனேன். பெரியப்பா குறுக்கே கையை நீட்டினார். பெண்கள் மண்டாய் தகனச்சாலைக்கு வருவது நம் குடும்பத்தில் வழக்கமில்லையாம்.

இந்த ஆங் மோ கியோ வட்டாரத்திலேயே எத்தனை வீட்டுப் பெண்கள் போய் வருகிறார்கள். எங்களுக்கு மட்டும் தனிச் சட்டம்.

கொள்ளி வைக்கக் கபிலன். பெரியப்பா மகன். தீபாவளிக்குத் தீபாவளி வந்து அப்பாவுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனவன். நான் ஒரே மகள். அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து இதே குளியலறையில் அவரை உட்காரவைத்துக் குளிப்பாட்டியவள்.

மண்டாயில் பெட்டி உள்ளே போவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாமாம். அது எனக்கு இல்லாமல் போயிற்று. நாளைக் காலை அஸ்தி எடுத்துக் கடலில் கரைக்கப் போகிறார்கள். அதற்கும் ஆண்கள் மட்டும்தான் என்று நேற்றே பேசி முடித்துவிட்டார்கள்.

வண்டியில் ஏறும்போது பெரியப்பா இன்னொன்றும் சொன்னார். திரும்பி வருவதற்குள் அந்தக் குழாயைச் சரிசெய்து வைக்க வேண்டுமாம். அந்த வேலைதான் உனக்குக் கைவந்த வேலையாயிற்றே என்று வேறு.

கைவந்த வேலைதான். தெம்பனிஸில் ஒரு கடைத்தொகுதியில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். குழாயைக் கழற்ற மட்டும் நான் பெண் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நட்டைத் திட்டினேன். பெரியப்பாவைத் திட்டினேன். வழக்கம் என்ற சொல்லை முதலில் சொன்ன ஆள் எவனோ, அவனையும் திட்டினேன். அப்புறம்தான் நட்டு அசைந்து கொடுத்தது.

அம்மா வந்து குளியலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். காலையிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. இப்போதும் திறக்காமலே போய்விட்டார்.

உள்ளே இருந்த கார்ட்ரிட்ஜை உருவினேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருளை. தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் அதுதான். அதன் ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. என் கருவிப்பெட்டியில் தேடி ஒரு புது வளையம் போட்டேன். திரும்ப உள்ளே வைத்து முடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது லிஃப்ட் திறந்தது. ஆண்களின் குரல்கள் கேட்டன.

கார்ட்ரிட்ஜோடு வாசலுக்குப் போனேன்.

பெரியப்பா கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பின்னால் கபிலன், சித்தப்பா, இன்னும் நாலைந்து பேர். மண்டாய் போய் வந்தவர்கள் நேராகக் குளிக்கப் போக வேண்டும். குளிக்காமல் எதையும் தொடக்கூடாது, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. குளித்து வந்து இங்கே விளக்கைப் பார்க்காமல் அவரவர் வீட்டுக்கும் போகக்கூடாது. எல்லாம் பெரியப்பா கட்டிக் காக்கிற சட்டங்கள்.

குழாய் தயாரா என்று கேட்டார். கையை விரித்துக் கார்ட்ரிட்ஜைக் காட்டினேன். இது வெளியே இருக்கும்போது வால்வைத் திறந்தால் வீடு மிதக்கும் என்றேன். சரி, சீக்கிரம் மாட்டு என்றார்.

“நாளைக்கு அஸ்தி எடுக்க நானும் வரேன், பெரியப்பா. சரின்னு சொல்லுங்க, மாட்டுறேன்.”

பக்கத்து வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டுப் பார்க்கலாமா என்று சித்தப்பா இழுத்தார். தீட்டோடு போய் அடுத்தவர் கதவைத் தட்டுவதா என்று பெரியப்பாவே அவரை அதட்டினார்.

பெரியப்பா சர்க்கரைக்காரர். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. முகம் வெளுத்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. இந்த மனிதரைப் பார்த்துப் பாவப்படுகிறேனே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. கையை இறுக மூடிக்கொண்டேன்.

அவள் வந்தால் என்ன என்று கபிலன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பெரியப்பா அவனை முறைத்தார். என்னை முறைத்தார். பிறகு தலையை மட்டும் அசைத்தார். வாயால் சொல்லுங்கள் என்றேன்.

வா என்று சொன்னார்.

குளியலறைக்கு ஓடினேன். கார்ட்ரிட்ஜை உள்ளே வைத்து நட்டை முடுக்கினேன், மூடியைப் போட்டேன், கைப்பிடியை மாட்டினேன். சமையலறைக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து, கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தேன்.

தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. பெரியப்பாவைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் நூலாக மெலிந்து நின்றுவிட்டது.

எங்கே தப்பு விட்டேன் என்று தெரியவில்லை. வாக்கு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறேன் என்றுதான் பெரியப்பா சொல்லப் போகிறார். அந்த வாக்கையும் திரும்ப எடுத்துக்கொள்வார். வால்வைப் பார்க்க மறுபடி சமையலறைக்கு ஓடினேன்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவில் முதுகை அழுத்திச் சாய்ந்திருந்தார். எழுந்திருக்கிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.

“நான்தான் மூடினேன். நாளைக்கு நானும் வரேன்னு உன் பெரியப்பாகிட்ட போய்ச் சொல்லு.”