பெயர் வாரியாக

"ரெண்டாயிரத்து முன்னூத்திப் பத்து நிமிஷமா? ஏம்மா ஷெரின், கணக்கு சரிதானா?"

மேனேஜர் ஐயாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

"சரிதான் சார். திரும்பவும் போட்டுக் காட்டுறேன்."

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற அந்தக் கம்பெனிக்குப் புது சாப்ட்வேர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தறிக்கூடத்துப் பெண்கள் கக்கூஸுக்குப் போவதென்றாலும் கதவில் கார்டைத் தேய்த்துவிட்டுத்தான் போக வேண்டும். நாளுக்கு இருபது நிமிஷம் அனுமதி. மீறினால் வேலை நிச்சயமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஷெரினிடம்தான் அந்த சாப்ட்வேர் பொறுப்பு. தேடல் பெட்டியில் தட்டினாள்: 'வெளியே இருந்த நிமிஷம், பெயர் வாரியாகக் கூட்டு, அதிகம் முதலில்.'

நாற்பத்து மூன்று பெயர்கள் வந்து விழுந்தன. நாற்பத்திரண்டு பேர் மாத வரம்பான ஐநூற்று இருபதுக்குள். உச்சியில் பாண்டிசெல்வி மட்டும் தனியாக.

"கூப்பிடு அவள."

வன்னியம்பட்டிக்காரி. நாற்பது வயதிருக்கும். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, வந்து நின்றாள்.

"ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"இல்ல சார்."

"வெளிய நின்னு போன் பேசுதியா?"

"இல்ல சார்."

"பொறவு தினம் ஒன்றரை மணி நேரம் என்னத்தத்தான் செய்யுத?"

பாண்டிசெல்வி தலையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஐயாதுரை அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

போகும்போது பாண்டிசெல்வி ஷெரின் மேஜையருகே தயங்கினாள்.

"ஏம்மா, வேற யாரு பேரும் அதுல வரலையே?"

"இல்லக்கா. உங்க பேரு மட்டும்தான்."

"சரிம்மா. வாரேன்."

வேலை போகிற நேரத்திலும் கூட்டுக்கு ஆள் தேடுகிறாளே என்று ஷெரினுக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த மாதம் முதல் தேதி. அதே கேள்வியைத் தட்டினாள். பாண்டிசெல்வி இடத்துக்கு வேறொருத்தி வந்திருந்தாள். கூடத்தின் மொத்த நிமிஷம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும்.

குறையவில்லை. ஏறக்குறைய அதே எண். ஆனால் வரம்பைத் தாண்டி நின்றது ஒருத்தி இல்லை, ஒன்பது பேர்.

ஐயாதுரை பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஒருத்தின்னா அனுப்பிரலாம். ஒம்பது பேரையும் அனுப்பிட்டுத் தறிய நீயும் நானுமா ஓட்டுறது? இருபது நிமிஷத்த நாப்பதாக்கிரும்மா."

"அப்போ பாண்டிசெல்வி அக்காவத் திரும்பக் கூப்பிடலாமா சார்?"

"போனவ போனவதான். அவள மாதிரி ஆள உள்ள விட்டா மத்தவளுகளும் கெட்டுப்போவாளுக."

ஷெரினுக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து தறிக்கூடத்துக்குப் போனாள். பட்டியலில் முதல் பெயர் செல்லத்தாய். ஏழு மாத வயிற்றோடு தறியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தறிச் சத்தத்தில் காதருகே போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"போன மாசம் சரியாத்தானக்கா இருந்தீங்க. இந்த மாசம் மட்டும் ஏன் இம்புட்டு நேரம்?"

செல்லத்தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"போன மாசமும் இதே வயிறுதானம்மா. அப்ப பாண்டிசெல்வி அக்கா கார்டு இருந்துச்சு. எங்கள்ல யாருக்கு முடியலன்னாலும் அதத்தான் தேச்சிட்டுப் போவோம். இப்ப அவுகவுக கார்டைத்தானே தேய்க்கணும்."

"அப்போ அவங்க வெளிய போறதுக்கு?"

"அந்த அக்காவா? நாங்க போனா எங்க தறியையும் சேத்துல்ல பாத்துக்கிட்டு நிக்கும். ஷிப்டு முடியுற வரைக்கும் ஒரு நாளாச்சும் அது வெளிய போயி நான் பாத்ததே இல்லம்மா."