மொடமொடத்த டொலர்

அரியாலை நேசராஜா மாஸ்ரர் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஆனால் டொலர் என்ற சாமானைக் கையால் தொட்டது எண்பத்தொன்பதாம் ஆண்டில்தான். ரொறன்ரோவில் இருந்த ஒரே மகள் சுகிர்தத்துக்குக் கலியாணம். தேவாலயத்தில் தன் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போகத் தகப்பன் வந்தே ஆகவேண்டும் என்று அவள் கண்டிப்பாக எழுதிவிட்டாள். ஒரு ரிக்கெற்றுக்குத்தான் வசதி இருந்தது. ஆகவே மாஸ்ரருக்கு மட்டும் பயணம். மனைவி ஐரிஸ் ஒரு கிழமையாக அவருடைய உடுப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

போகிற இடத்தில் விமான நிலையத்திலேயே கையிலுள்ள காசைக் காட்டச் சொல்வார்களாம். வங்கி தந்தது காணாது என்று மாஸ்ரர் பட்டணத்து நகைக்கடை செல்வரட்ணத்திடம் இரகசியமாக அமெரிக்க டொலர் வாங்கினார். ஐரிஸுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. கள்ளத் தாளைத் தலையில் கட்டிவிடுவார்கள், பேசாமல் வங்கியோடு நில்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். எனக்கே கணக்குச் சொல்லித் தருகிறாயா என்று மாஸ்ரர் அவள் வாயை அடைத்துவிட்டார். கடையின் பின்னறை இருட்டில், யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், தாள்களைச் சரியாகப் பார்க்காமலே கோட்டின் உள்பையில் செருகிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து, ஐரிஸ் சந்தைக்குப் போன நேரம், அவற்றை ஆசையாக வெளியே எடுத்தார். தாள்கள் அப்பளம் போல விறைத்து நின்றன. மடித்தால் மொடமொடத்தன. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரலில் வெள்ளையாக மா ஒட்டியது.

சந்தேகமே இல்லை, கள்ளத் தாள்தான்.

களவாக வாங்கிய காசுக்கு எங்கே போய் முறையிடுவது? ஐரிஸிடம் சொல்வதைவிட ரொறன்ரோவில் பிடிபட்டு மறியலில் கம்பி எண்ணுவது மேல் என்று தோன்றியது. மறியலை நினைத்ததும், கலியாணச் சேலையோடு சுகிர்தம் தனியே நிற்கிற காட்சியும் கூடவே வந்தது. மாஸ்ரருக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்புத்துறைச் சிமியோன் சைக்கிளில் வந்து இறங்கினான். மாஸ்ரரிடம் படித்தவன், தகப்பனோடு செய்த கடற்றொழிலை விட்டுவிட்டு ஜேர்மனிக்குப் புறப்படுகிறவன். நம்பி டொலர் வாங்க நல்ல இடம் தெரியுமா என்று விசாரிக்க வந்திருந்தான்.

மாஸ்ரருடைய மனச்சாட்சி கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. பிறகு, ஜேர்மன்காரர் தாளை அவ்வளவு கவனித்துப் பார்க்கமாட்டார்கள், இவன் இளம் பெடியன், எப்படியும் சமாளிப்பான், இவனை நம்பிப் பீடத்தடியில் ஒரு பிள்ளை காத்திருக்கவில்லை என்று அது தானாகவே வழிக்கு வந்துவிட்டது. தன்னிடமே கொஞ்சம் இருக்கிறது, வாங்கிய விலைக்குத் தருகிறேன் என்றார்.

“நல்ல தாள்தானோ மாஸ்ரர்?” என்று சிமியோன் கேட்டான்.

“நான் உனக்கு எப்பவாவது பிழையான கணக்குப் படிப்பிச்சனானோ?”

பொய் சொல்லவில்லை, கேள்விதானே கேட்டேன் என்று அன்றிரவு ஜெபத்தில் கர்த்தருக்கு விளக்கம் கொடுத்தார். ஆனால் மறுநாள் சிமியோனின் தாய் கத்தரீனா நன்றிக்கு ஒரு பை நிறைய நீலக்கால் நண்டு அனுப்பிவைத்தாள். நண்டென்றால் உயிரை விடுகிற மாஸ்ரருக்கு ஒரு கால்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வயதில் ஒரு பெடியனை ஏமாற்றிவிட்டேனே என்று உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டபடியே சிமியோனின் காசை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனார்.

இந்த முறை ஏமாறுவதில்லை என்று சபதம். பஸ் நிலையத்தடி விடுதியொன்றில் வின்சன்ற் என்றொருவன் டொலர் மாற்றுவதாகக் கேள்வி. கறுப்புக் கண்ணாடி, சென்ற் வாசம், வாய்க்கு வாய் ‘ஐயா’ என்ற மரியாதை. மாஸ்ரர் அவனுடைய தாள்களை ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மணந்தார், கசக்கினார். விறைப்பில்லை, மாவில்லை. பல கை மாறிய அழுக்கோடு, மீன் சந்தை ரூபாத் தாள் போலத் துவண்டு கிடந்தன. அசல் காசின் இலட்சணம் இதுதான் என்று தெளிந்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார். வீட்டுக்கு வந்து, பழைய இடத்திலேயே, கோட்டின் உள்பைக்குள் வைத்தார். ஐரிஸ் கண்டாலும் வித்தியாசம் தெரியாது. அன்றிரவுதான் நிம்மதியாக நித்திரை கொண்டார்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மாஸ்ரர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஐரிஸ் கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். முகம் சரியில்லை.

“இஞ்சாருங்கோ, கோட்டுக்குள்ளை இருக்கிற டொலரை ஆரிட்டை வாங்கினனீங்கள்?”

மாஸ்ரருக்குத் திக்கென்றது. சிமியோன் போய்ச் சொல்லிவிட்டான் என்றே நினைத்தார். அது செல்வரட்ணம் தந்த அதே தாள்தான், ஒன்றையும் மாற்றவில்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல நல்ல காசு என்று வேதாகமத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். இந்த முறை அது கேள்வியாக இருக்கவில்லை.

ஐரிஸ் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“அப்ப ஏன் இப்பிடி? போன கிழமை கனடாவுக்கு இவ்வளவு ஊத்தைக் காசோடை போறதோ எண்டு உந்தத் தாளுகளைச் சவுக்காரம் போட்டுத் தோய்ச்சு, கஞ்சி போட்டு அயன் பண்ணி வைச்சனான், ஒரு பொட்டுச் சாயம் போகேல்லை. இண்டைக்குப் பாத்தால் திரும்பவும் ஊத்தையாக் கிடக்குதெண்டு வாளிக்குள்ளை போட்டன், தண்ணி முழுக்கப் பச்சையாப் போய் வெறும் கடுதாசியெல்லோ மிதக்குது.”