செருப்புக் காவல்

“டேய் அன்புராஜு, அந்தக் கறுப்பு ஆளு செருப்பாண்ட நிக்கட்டும். இவரை மட்டும் உள்ள இட்டா!”

சொன்னவர் துளசிராமன். மீஞ்சூருக்குப் பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் கோயிலுக்கு இந்த ஆடியில்தான் தர்மகர்த்தா ஆகியிருந்தார். நிறத்தில் அவரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை. அதை அவரிடம் யார் சொல்வது?

அன்புராஜ் காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் வெல்டர். பழுது பார்க்க வந்த கப்பலிலிருந்து இரண்டு பேரைத் திருவிழாவுக்கு அழைத்து வந்திருந்தான். இருவருமே கரீபியன் பக்கம், கயானாக்காரர்கள். வீராசாமிக்கு நம்ம பொன்னேரிச் சந்தையில் பார்த்துப் பழகியது போன்ற முகம். டெரிக், வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சாளர் மாதிரி நெடுநெடுவென்று இருந்தார்.

“அண்ணே, ரெண்டு பேரும் ஒரே ஊருண்ணே. அங்கயும் மாரியம்மன் கோயிலு கீது. அம்மன் மேல வர்ணிப்புப் பாட்டுலாம் பாடுவாங்களாம். நான் இன்னா சொல்றேன்னா…”

“நீ ஒண்ணியும் சொல்லாத. வெள்ளக்காரன் காலத்துல கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன நம்ம ரத்தம்டா இவரு. மூஞ்சியே சொல்லுதே!”

வீராசாமிக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

டெரிக் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். காவலுக்கு வைத்த ஆள் என்று நினைத்து, “பாத்துக்கப்பா” என்று சொல்லி ஆளாளுக்கு அவர் காலடியில் செருப்பை விட்டுப் போனார்கள்.

அப்போதுதான் போன் வந்தது. வர்ணிப்புப் பாட வரவேண்டிய பம்பைக்காரர்கள் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டார்களாம்.

துளசிராமனுக்கு வேர்த்துக் கொட்டியது. வர்ணிப்புப் பாடினால்தான் வருஷா வருஷம் சாமியாடும் கங்கம்மாவுக்கு அருள் வரும். அருள் வந்தால்தான் அவள் கரகம் எடுப்பாள். முதல் வருஷமே கரகம் நின்றுபோனால் ஊரில் தலைகாட்ட முடியாது.

சட்டென்று கோயில் உடுக்கையை எடுத்து வீராசாமியிடம் நீட்டினார். “நீங்கதான் சார் காப்பாத்தணும். உங்க ஊரு வர்ணிப்பைப் பாடுங்க!”

வீராசாமி பதறிப்போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

“இன்னாவாம்டா?”

“அவரு தாத்தா காலத்துலேர்ந்தே சர்ச்சுக்குப் போறவராம்ணே. உடுக்கையத் தொட்டதே இல்லியாம். அங்க மாரியம்மன் கோயில் பூசாரி… அவருண்ணே.” அன்புராஜின் கை செருப்புக் குவியலைக் காட்டியது. “அத்தச் சொல்லத்தான் அப்பத்துலேர்ந்து வாயத் தொறக்குறேன்.”

வேறு வழி? டெரிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் கால் கழுவிக்கொண்டு வந்து, உடுக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கணீரென்று பாடத் தொடங்கினார்.

தமிழ்தான். பாதி புரியவில்லை. ஆனால் ‘மாரியம்மா’ என்று அவர் கூப்பிட்டபோது பெண்கள் கலங்கிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துளசிராமனுக்கே உடம்பு சிலிர்த்தது.

கங்கம்மா ஆடத் தொடங்கினாள். கரகம் அவள் தலைக்கு ஏறியது. துளசிராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“தாயே, குத்தம் குறை எதுனா இருந்தா சொல்லு!” என்று வழக்கப்படி கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“கடல் தாண்டி என்னியப் பாக்க வந்த புள்ளைய செருப்பாண்ட நிக்க வெச்சவன் எவண்டா?”

ஊரே திரும்பிப் பார்த்தது. துளசிராமனைக் காணோம்.

அவர் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

வேனிலிருந்து குதித்து ஓடிவந்த பம்பைக்காரர், அவர் காலடியில் செருப்பைக் கழற்றி விட்டார்.

“பாத்துக்கோ நைனா!”