மாசாணித் தவளையின் நாலாவது நீச்சல்

அந்தக் குளத்தில் நீச்சல் போட்டி என்றாலே மாசாணித் தவளைதான். கவிழ்ந்து நீந்தி வாத்தை ஜெயித்தாள். முங்கி நீந்தி ஆமையை ஜெயித்தாள். நெளிந்து நீந்தியதில் விலாங்கே பின்தங்கிப் போனது.

போட்டி தொடங்கி எட்டாவது வருஷம், மல்லாந்து நீந்துவது ஒன்றுதான் பாக்கி. அதில் கரை கண்ணுக்குத் தெரியாது. போன வருஷம் கரைப் படியில் மண்டையை இடித்துக்கொண்டு தோற்றிருந்தாள். இந்த முறை தலைக்கு மேலே சாய்ந்திருந்த புங்கமரக் கிளைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழாவது கிளை தாண்டியதும் கையை நீட்டினாள், படி தட்டுப்பட்டது. ஒரே தாவில் மேலே ஏறினாள். நடுவர் நண்டு கொடுக்கைத் தூக்கியது.

எல்லோரும் வந்து பாராட்டினார்கள். கடைசிப் படிக்கு அடியில் குடியிருந்த கெளுத்தி மீன் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாசாணிக்கு அது உறுத்தியது. குனிந்து கேட்டாள்.

"என்ன கெளுத்தி, எட்டு வருஷமா போட்டி நடக்குது. ஒரு நாளாவது வெளிய வந்து பார்த்தியா?"

கெளுத்தி மீசையை மட்டும் வெளியே நீட்டியது.

"போட்டியா அக்கா? கவிழ்ந்தும் மல்லாந்தும் அடிச்சுப் பிடிச்சு வர்றீங்க. படி கையில பட்டதும் தாவி ஏறிடறீங்க. குளத்துக்குள்ள என்னவோ துரத்துதுன்னு நினைச்சு, நானும் எட்டு வருஷமா இங்கேயே ஒளிஞ்சு கெடக்கேன்."

மாசாணி திரும்பிக் குளத்தைப் பார்த்தாள். தண்ணீரில் யாருமே இல்லை.

இருந்தாலும் இன்னொரு படி மேலே ஏறி நின்றுகொண்டாள்.