ஒரே மாதிரிப் படங்கள்

"உன் புருஷன் செய்யுறது உனக்கே நல்லா இருக்கா, சுந்தரி?"

தேவகி உட்காரக்கூட இல்லை. ஃபேக்டரி உடுப்போடு, கதவருகிலேயே நின்று கேட்டாள்.

குணசுந்தரியின் கையில் கணவனின் போன் இருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூட விழாவில் மகள் ஆடுகிறாள். வீடியோ எடுக்க வேண்டும். போனோ, இடமே இல்லை என்று அடம் பிடித்தது. ஒரே மாதிரி இருக்கிற படங்களைத் தானாகவே சேர்த்துக் காட்டும் வசதி அதில் இருந்தது நல்லதாகப் போயிற்று. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களைக் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு? உட்காருங்க லா, தேத்தண்ணி போடறேன்."

"தேத்தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்க அண்ணன் ஸ்ட்ரோக் வந்து, கை கால் இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. தோட்டத்துக்கே தெரியும். ரொட்டி விக்கிற உன் புருஷன், மோட்டாரை விட்டு இறங்கிப் போய்க் கையில கொடுத்தா தேஞ்சா போயிடுவாரு? கேட்டுக்கு வெளியவே நின்னு ஹார்ன் அடிக்கிறாராம். எங்க அண்ணன் தட்டுத் தடுமாறி வந்து வாங்கிக்கணுமாம்!"

"யாரு சொன்னதுக்கா?"

"பக்கத்து வீட்டுப் பாப்பம்மாதான். நான் விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடறேன், எனக்கு எங்க தெரியும்?"

"அவரா? மத்த வீட்டுல எல்லாம் உள்ள போய் மேசை மேல வச்சுட்டு வருவாரேக்கா."

"அதைத்தான் நானும் கேக்கறேன்! அதோட விட்டாரா? அந்த மனுஷன் திண்டாடறதைப் படம் வேற பிடிக்கிறாராம். யாருக்குக் காட்டிச் சிரிக்கவாம்? எல்லாத்தையும் அழிக்கச் சொல்லு."

"சேச்சே, அப்படியெல்லாம் இருக்காதுக்கா" என்றபடி குணசுந்தரி திரையைத் தள்ளினாள்.

அடுத்த படக் கூட்டம் வந்தது.

நீலக் கேட்டு. அதற்குப் பின்னால் நாற்காலி. அதில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு குழந்தைவேலு. தேவகியின் அண்ணன்தான். அதே படம் மறுபடியும். மறுபடியும். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

'இவை ஒரே மாதிரி உள்ளன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாமா?' என்று கேட்டது போன்.

குணசுந்தரியின் முகம் சுண்டிப் போயிற்று.

"பாத்தியா!" என்றாள் தேவகி.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான் ஜெயகுமார்.

"ஏங்க, என்ன இது?"

"ஐயோ சுந்தரி, அதைத் தொடாதே!"

"ஏன் தொடக்கூடாது? முடியாத மனுஷனை இப்படியா படம் எடுப்பாங்க?"

"வேற எதை வேணா அழி. நம்ம கல்யாணப் படத்தைக்கூட அழி, அதுல ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறோம். இதை மட்டும் விடு."

"எதுக்குன்னு சொல்லுங்க, விடறேன்."

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நல்லா இருக்கு தம்பி கதை!" என்றாள் தேவகி. "நீ அழுத்து சுந்தரி."

குணசுந்தரியின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. "ஒரே படம் இத்தனை எதுக்கு? போனே சொல்லுது, எல்லாம் ஒண்ணுதான்னு."

"போனுக்கு என்ன தெரியும்? அவரும் அதையேதான் தினமும் சொன்னாரு. 'நேத்து மாதிரியேதான் தம்பி இன்னைக்கும் இருக்கேன்'னு அழுதாரு. அதுக்குத்தான் எடுத்தேன்."

அவள் கையிலிருந்து போனை வாங்கினான். முதல் படத்துக்குப் போனான்.

"கண்ணை எடுக்காமப் பாருங்கக்கா."

விரலால் வேகமாகத் தள்ளினான்.

குழந்தைவேலு அசைந்தார்.

மடங்கிக் கிடந்த இடது கை, ஒவ்வொரு விரலாக விரிந்தது. தூணைத் தொட்டது. பிடித்தது. நாற்காலியிலிருந்து எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். ஒரு கால் படியில் இறங்கியது. மற்றது இழுபட்டு வந்தது. கைத்தடி ஒன்று வந்தது. பிறகு அதைக் காணோம். கேட்டோரத்துச் செண்டுமல்லி மொட்டு விட்டு, பூத்து, காய்ந்து போக, அதனடியில் புதுச்செடி முளைத்துக்கொண்டிருந்தது. அவர் பெரிதாகி, பெரிதாகி, கேட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. ரொட்டிப் பை இடது கையில் தொங்கியது.



"இன்னொரு தரம் காட்டு தம்பி." தேவகி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காட்டினான். குணசுந்தரியும் எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, அந்தப் பொத்தானை அழுத்தவில்லை.

"நான் வேலை முடிஞ்சு வர்றப்போ நாற்காலியிலதானே இருக்காரு? கைத்தாங்கலாத்தானே கூட்டிட்டுப் போறேன்?"

"கேட்டோட நிக்கலக்கா. அவர் கிட்ட வர வர, நான் மோட்டாரைத் தள்ளித் தள்ளி நிறுத்தினேன். கேட்டுக்கு அப்புறம் மாரியம்மன் கோயில் மூலை. இது இன்னைக்குக் காலையில எடுத்தது."

சாலையோரம் ஒரு தகரக் கூரை. பின்னால் ஜெராய் மலை. நடுவில் எதையும் பிடிக்காமல், தனியாக நின்றுகொண்டிருந்தார் குழந்தைவேலு.

தேவகி போனைக் கண்ணருகே கொண்டு போனாள்.

"இது எங்க ஃபேக்டரி பஸ் நிக்கிற இடமாச்சே!"

"ஆமாக்கா. ஒரு சாயங்காலம் நீங்க இறங்கறப்போ அங்க வந்து நிக்கணும்னு அவருக்கு ஆசை. அதுவரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு."

"என்கிட்ட ஏன் மறைக்கணும்? நான்தானே தம்பி அவரைப் பாத்துக்கறேன்?"

ஜெயகுமார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"'தேவகிக்குத் தெரிஞ்சா ஓடி வந்து தாங்கிக்குவா தம்பி. அவ என்னைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் நான் நடக்க மாட்டேன்'னு சொன்னாருக்கா."